ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கணக்கு: சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கு நடத்துகிறேன். மே மாதம் ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்விகளும், ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்பு முதல் டெஸ்ட் பேப்பர் வீட்டுக்கு வந்ததும் கேட்கும் கேள்விகளும் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். சிபிஎஸ்இ எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

இந்த நான்கு வருடத்தில் கணக்குப் பாடம் எப்படி வளர்கிறது?

அமெரிக்காவில் உறவினர் இருந்தால் கேட்டிருப்பீர்கள்: அங்கே பல பள்ளிகளில் ஒரு வருடம் அல்ஜீப்ரா, அடுத்த வருடம் ஜியாமெட்ரி, அதற்கடுத்து மறுபடி அல்ஜீப்ரா என்று தனித்தனிப் பாடமாக எடுத்து முன்னேறுகிறார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு எல்லாமே ஒன்பதிலும் இருக்கும், பத்திலும் இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதே இழை கொஞ்சம் நீளும். பாடநூலின் பொருளடக்கத்தைப் பார்த்தால் இது தெரியாது. ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு நான்கு புத்தகத்தையும் புரட்டினால்தான் தெரியும்.

முக்கோணவியலை எடுத்துக்கொள்வோம். ஒன்பதில் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களை வைத்து சைன், காஸ், டேன் அறிமுகம். பத்தில் முற்றொருமைகளும் உயரம்-தூரம் கணக்குகளும். பதினொன்றில் முக்கோணத்தை விட்டு வெளியே வருகிறார்கள்: ரேடியன், எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சார்புகள், கூட்டுக்கோணச் சூத்திரங்கள், பொதுத்தீர்வு. பன்னிரண்டில் அதே சார்புகளைத் திருப்பிப் போட்டு நேர்மாறு முக்கோணவியல். ஒன்பதில் சைன் என்றால் எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்தால் வகுப்பது என்று தெளியாத பிள்ளை, பன்னிரண்டில் நேர்மாறு சைனை மனப்பாடம்தான் செய்யும்.

ஆயத்தொலை வடிவியலும் இப்படித்தான். ஒன்பதில் இரண்டு புள்ளிக்கு இடையே தூரம், நடுப்புள்ளி, பிரிவுச் சூத்திரம். பத்தில் சாய்வும் நேர்க்கோட்டின் சமன்பாடும். பதினொன்றில் நியமப்பாதை, இரட்டை நேர்க்கோடுகள். பன்னிரண்டில் வட்டம், பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம். தூரச் சூத்திரம்தான் கடைசி வரை வேலை செய்கிறது. ஒரு புள்ளியிலிருந்து மாறாத தூரம் என்பதுதானே வட்டத்தின் சமன்பாடே.

பத்தாம் வகுப்பில் 92 எடுத்தான். பதினொன்றில் முதல் டெஸ்டில் 30. என்னதான் ஆச்சு?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். வீட்டில் முதலில் சந்தேகம் போனுக்கும் சகவாசத்துக்கும் போகிறது. பெரும்பாலான பிள்ளைகளிடம் காரணம் அது இல்லை. பத்தாம் வகுப்பு 92ஐ இரண்டு விதமாக எடுக்கலாம். புரிந்தும் எடுக்கலாம். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டையும் பயிற்சிக் கணக்கையும் ஐந்தாறு முறை போட்டுப் பார்த்துக் கை பழகியும் எடுக்கலாம். மார்க் ஷீட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பதினொன்றாம் வகுப்பு புத்தகம் தடிமனானது, இரண்டு தொகுதி, பன்னிரண்டு அத்தியாயம். அத்தனையையும் கைப்பழக்கத்தால் கடக்க முடியாது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பதினொன்றில் சறுக்கும் பிள்ளைகளின் பேப்பரைத் திருத்தும்போது, தவறு புதுப் பாடத்தில் இருப்பதில்லை. எல்லை (லிமிட்ஸ்) என்ற பாடத்தில் ஒரு எளிய கணக்கு: எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் 9, அதை எக்ஸ் கழித்தல் 3ஆல் வகுக்க வேண்டும், எக்ஸ் 3ஐ நெருங்கும்போது என்ன ஆகும்? மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினால் எக்ஸ் கழித்தல் 3 அடிபட்டுப் போய், எக்ஸ் கூட்டல் 3 மிஞ்சும், விடை 6. இதில் பதினொன்றாம் வகுப்புக்குரியது ஒரே ஒரு வரி. மற்ற எல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு. பிள்ளை தடுக்கி விழுவது அந்த ஒன்பதாம் வகுப்பு வரியில். நாமோ "லிமிட்ஸ் புரியல" என்று லிமிட்ஸுக்கு டியூஷன் தேடுகிறோம்.

ஆகவே 30 மார்க் பேப்பர் வந்தால் திட்டுவதற்கு முன்னால் அதைக் கையில் எடுத்து, ஒவ்வொரு தவறும் எந்த வகுப்புப் பாடத்தில் நடந்திருக்கிறது என்று குறியுங்கள். உங்களால் முடியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். காரணிப்படுத்தல், பின்னம், குறி மாற்றம், அடுக்கு விதிகள் ஆகிய நான்கிலேயே முக்கால்வாசி அடங்கிவிடும். தினம் அரை மணி நேரம் இவற்றை மட்டும் பழைய புத்தகத்திலிருந்து போட்டால், அரையாண்டுத் தேர்வுக்குள் பிள்ளை எழுந்து நின்றுவிடும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா? பொதுத்தேர்வு இல்லையே?

பொதுத்தேர்வு இல்லாததால்தான் சொல்கிறேன். தனியார் பள்ளிகள் சிலவற்றில் ஒன்பதாம் வகுப்புப் பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். ரிசல்ட்டுக்கு அது உதவலாம். பிள்ளைக்கு உதவாது.

ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில்தான் பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், காரணித் தேற்றம், ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் தொடங்கி மூன்று உறுப்பு வரை விரியும் முற்றொருமைகள், நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பு எல்லாம் வருகின்றன. அதிலிருந்து ஓர் இழை போகிறது பாருங்கள். ஒன்பதில் காரணிப்படுத்தக் கற்கிறோம். பத்தில் அதை வைத்து விகிதமுறு கோவைகளைச் சுருக்குகிறோம், இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறோம். பதினொன்றில் அதே விகிதமுறு கோவையை உடைத்துப் பகுதி பின்னங்களாக எழுதுகிறோம். அப்படி உடைத்தால்தான் தொகையிட முடியும். தொகையிடத் தெரிந்தால்தான் பன்னிரண்டில் வகைக்கெழுச் சமன்பாடு. இந்த ஐந்து படியில் முதல் படி ஒன்பதில் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்த பிள்ளை எங்கே விழும் என்பது மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

மெய்யெண்கள் பாடமும் அப்படியே. விகிதமுறா எண், படி மூலம், பகுதியை விகிதப்படுத்துதல் எல்லாம் அங்கேதான். "வாழ்க்கையில் எங்கே உதவும்" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். பதினொன்றாம் வகுப்பில் எல்லைக் கணக்குகளில் வர்க்கமூலம் வரும்போது அதே விகிதப்படுத்தல்தான் காப்பாற்றும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்களே. இனி நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்தால் என்ன?

தமிழ்நாட்டில் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதற்கு முன்னால் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே நடத்தின; பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, மாணவர்களின் சுமையைக் குறைக்க 2025-26 முதல் அந்தத் தேர்வு ரத்து என்று அறிவித்தார்கள். பிள்ளைகளின் மன அழுத்தத்தை நினைத்தால் அது நல்ல முடிவு. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

தேர்வுதான் போயிருக்கிறது. பாடம் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் தலைப்புகளையே பாருங்கள்: அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். பயன்பாடு பன்னிரண்டில் என்றால் அடிப்படை எங்கே? பதினொன்றில். அணிக்கோவை என்றால் என்ன, வகையிடுவது எப்படி, தொகையிடுவது எப்படி என்று பன்னிரண்டாம் வகுப்பு புத்தகம் முதலிலிருந்து சொல்லித் தராது. தெரியும் என்று எடுத்துக்கொண்டே பேசும்.

ஐஐடி, என்ஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇ எழுதுபவர்களுக்கு இரண்டு வருடப் பாடமும் வேண்டும். பொறியியலில் சேர்பவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே அணிகளும் நுண்கணிதமும் வந்து நிற்கும். எம்-1 அரியர், அதாவது முதல் செமஸ்டர் கணக்கில் தேறாமல் பாக்கி, என்று கல்லூரிப் பையன்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அரியரின் வேர் பெரும்பாலும் சரியாக நடத்தப்படாத பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போதே "பதினொன்றாம் வகுப்புக் கணக்கை ஏப்ரல் வரைக்கும் நடத்துவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணக்கு குரூப் எடுக்கலாமா வேண்டாமா, எப்படி முடிவு செய்வது?

மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பயோ-மேத்ஸ் எடுத்தது என்பதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளும் அரை மணி நேரமும் கொடுங்கள். புத்தகம் இல்லை, கால்குலேட்டர் இல்லை.

முக்கால் கழித்தல் ஆறில் ஐந்து எவ்வளவு என்று கேளுங்கள். விடை கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. 6 எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் எக்ஸ் கழித்தல் 2 என்பதைக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள். 3 எக்ஸ் கூட்டல் 2, 2 எக்ஸ் கழித்தல் 1 என்று வர வேண்டும். ஒய் சமம் 2 எக்ஸ் கழித்தல் 1 என்ற கோட்டைக் கிராஃப் தாள் இல்லாமல் சும்மா கையால் வரையச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சாயும், ஒய் அச்சை எங்கே வெட்டும் என்று தெரிந்தால் போதும். கடைசியாக, சைன் ஸ்கொயர் கூட்டல் காஸ் ஸ்கொயர் ஏன் 1 ஆகிறது என்று ஒரு முக்கோணம் போட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிதாகரஸ் தேற்றம் என்ற பெயர் அந்த விளக்கத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்கில் மூன்று சரியாக வந்தால் 75 மார்க் எடுத்த பிள்ளையும் தைரியமாகக் கணக்கு எடுக்கலாம். ஒன்றுகூட வரவில்லை என்றால் 95 எடுத்திருந்தாலும் மே மாத விடுமுறை முழுக்க அடிப்படையைச் சரிசெய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான்கையும் விட முக்கியமான ஒன்று: விடை வராதபோது பிள்ளை என்ன செய்கிறது? அழித்துவிட்டு மறுபடி முயல்கிறதா, பேனாவை வைத்துவிடுகிறதா? முதல் வகைப் பிள்ளை பதினொன்றைத் தாங்கும்.

காமர்ஸ் எடுத்தால் கணக்கு இல்லாமல் தப்பிக்கலாம்தானே?

காமர்ஸிலும் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு இருக்கிறது, அது இல்லாமல் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் போன்ற பாடம் உள்ள பிரிவும் இருக்கிறது. வணிகக் கணிதம் என்றதும் வட்டி, லாப-நஷ்டம் என்று நினைத்துச் சேர்பவர்கள் நிறைய. புத்தகத்தைத் திறந்தால் அணிகள், பகுமுறை வடிவியல், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் இருக்கும். பன்னிரண்டில் தொகை நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் கூட. ஆழம் குறைவு, ஆனால் அதே பாடம்தான். கூடவே ஒட்டுறவு, தொடர்புப்போக்கு, நிதியியல் கணிதம், செயல்முறைகள் ஆராய்ச்சி என்று கணிதக் குரூப்பில் இல்லாத நல்ல பகுதிகளும் உண்டு. பொருளாதாரம், புள்ளியியல், டேட்டா சம்பந்தப்பட்ட படிப்பில் ஆசை இருக்கும் காமர்ஸ் பிள்ளை இதை எடுப்பது நல்லது. சி.ஏ. மட்டும்தான் குறி என்றால் பிளஸ் டூவில் கணக்கு கட்டாயமில்லை, ஆனாலும் அதன் ஃபவுண்டேஷன் தேர்விலேயே கணக்கும் புள்ளியியலும் ஒரு தாளில் வருகின்றன.

பியூர் சயின்ஸ் எடுத்து, பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டால் எந்தெந்தக் கதவு மூடும்?

பொறியியல் கலந்தாய்வு, பி.ஆர்க்., கணிதம் அல்லது புள்ளியியல் இளங்கலை ஆகியவை மூடிவிடும். இயற்பியல் பட்டப்படிப்புக்கும் பெரும்பாலும் கணக்கு கேட்பார்கள். மருத்துவம், செவிலியர், ஐந்தாண்டுச் சட்டம், பி.காம்., கலைப்பாடங்கள் திறந்தே இருக்கும். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும்.

பலருக்குத் தெரியாத ஒரு கதவைச் சொல்கிறேன். நம் ஊர் ஐஐடி மெட்ராஸ் 2021இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்குப் பிளஸ் டூ எந்தக் குரூப்பாக இருந்தாலும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். தகுதிச் சுற்றிலேயே கணக்கும் புள்ளியியலும் இருக்கின்றன, அதனால் பத்தாம் வகுப்புக் கணக்கு மறந்துபோயிருந்தால் அதைத் தூசி தட்ட வேண்டிவரும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போனால் கணக்கு கெட்டுப்போகுமா?

போகாது. டிப்ளமாவில் பொறியியல் கணிதம் தனிப்பாடமாகவே உண்டு. மூன்று வருடம் முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தரமணி மத்திய பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்துவிட்டு நல்ல நிலைக்கு வந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும்போது பி.இ. முதலாண்டுக் கணக்கைத் தாங்களாகவே படித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டேட் போர்டிலிருந்து சிபிஎஸ்இக்கு, அல்லது அங்கிருந்து இங்கே, பத்துக்குப் பிறகு மாறலாமா?

மாறலாம், ஆனால் எது எந்த வருடத்தில் வருகிறது என்று தெரிந்து மாறுங்கள். மாநிலப் பாடத்தில் அணிகள் பத்திலேயே அறிமுகமாகிவிடும், சிபிஎஸ்இயில் பன்னிரண்டில்தான். தொகை நுண்கணிதம் இங்கே பதினொன்றில், அங்கே பன்னிரண்டில். கலப்பு எண்கள் இங்கே பன்னிரண்டில், அங்கே பதினொன்றில். யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றம், கூம்பின் இடைக்கண்டம், வடிவியல் வரைபடங்கள் ஆகியவற்றை, சிபிஎஸ்இ பள்ளிகள் நடத்தும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இங்கே அவை இருக்கின்றன. பதினொன்றில் கணிதத் தொகுத்தறிதலும் அப்படியே.

சிபிஎஸ்இயிலிருந்து இங்கே வரும் பிள்ளை பதினொன்றின் அணிகள் பாடத்தில் முதல் வாரம் தடுமாறும், பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இயற்கணித அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைப் படித்தால் போதும். பதினொன்று முடித்துவிட்டு நடுவில் மாறுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் பேசிக், ஸ்டாண்டர்ட் எது எடுப்பது?

2020 பொதுத்தேர்விலிருந்து இந்த இரண்டு வகை இருக்கிறது. பாடம் ஒன்றே, வினாத்தாளின் கடினம்தான் வேறு. பதினொன்றில் கணக்கு எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஸ்டாண்டர்ட் எடுங்கள். பேசிக் எழுதியவர்கள் பதினொன்றில் அப்ளைடு மேத்தமேடிக்ஸ் எடுக்கலாம். முழுக் கணிதத்துக்கு மாறும் விதியை வாரியம் சில ஆண்டுகளில் தளர்த்தியிருக்கிறது, அதை நம்பி முடிவெடுக்காமல் பள்ளியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ் ஆனால் போதும் என்ற நிலையில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வழி?

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அகமதிப்பீடு கிடையாது, 100 மார்க்கும் மூன்று மணி நேரத் தாளில்தான். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 10 எழுத வேண்டும், ஐந்து மார்க்கிலும் 10. இரண்டிலும் கட்டாயக் கேள்வி ஒன்று உண்டு. கடைசியில் எட்டு மார்க்கில் ஒரு வடிவியல் வரைபடம், ஒரு கிராஃப். பாஸ் மார்க் 35.

அந்த எட்டும் எட்டும் 16தான் ஆசிரியர்கள் பின்தங்கிய பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது. வடிவொத்த முக்கோணம், உச்சிக்கோணம் கொடுத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இருபடிச் சார்பின் கிராஃப், மாறுபாட்டுக் கிராஃப் என்று வகை குறைவு, பழகினால் கைவிடாது. அதோடு புத்தகத்தின் பின்னாலிருக்கும் ஒரு மார்க், கணங்களின் பெருக்கல், சராசரி-திட்டவிலக்கம் சேர்த்தால் 35 தாண்டிவிடும். இந்த வழியில் தேறிய பிள்ளையைப் பாராட்டுங்கள். ஆனால் அந்த மார்க்கை வைத்துக் கணக்கு குரூப்பில் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். இந்த வழி இயற்கணிதத்தைத் தொடாமலேயே போகிறது, பதினொன்றோ இயற்கணிதத்தில்தான் நிற்கிறது.

ஒருவேளை தவறிவிட்டால் அதே வருடத்தில் துணைத்தேர்வு உண்டு. ரிசல்ட் வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டில் அழுகையும் கோபமுமாக நாள் போனால் படிக்கக் கிடைக்கும் நாள்தான் குறையும்.

பன்னிரண்டில் கட்-ஆஃப் கணக்கு எப்படி?

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பிளஸ் டூ மார்க்கிலிருந்து போடும் தரவரிசை மார்க்தான் கட்-ஆஃப், அது 200க்கு. கணக்கு மார்க் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 92, 40, 42 கூட்டி 174. கணக்கில் போகும் ஒரு மார்க், இயற்பியலில் போகும் இரண்டு மார்க்குக்குச் சமம். இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றாலும் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான்.

தாள் 90க்கு, அகமதிப்பீடு 10. ஒரு மார்க் 20, இரண்டு மார்க்கில் ஏழு, மூன்று மார்க்கில் ஏழு, ஐந்து மார்க்கில் ஏழு. சென்டம் தவறுவது பெரும்பாலும் ஒரு மார்க்கில்தான், ஐந்து மார்க்கில் அல்ல. ஒரு மார்க்கை விடை எண்ணோடு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு எண்ணை மாற்றிக் கேட்டால் அன்றோடு சரி. ஒவ்வொன்றையும் இரண்டு வரியாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இதை யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே ஜேஇஇ ஃபவுண்டேஷன் சேர்க்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். ஆறு, ஏழு, எட்டில் பிள்ளைக்குத் தேவை பின்னமும், விகிதமும், விடாமல் யோசிக்கும் பழக்கமும். ஜேஇஇ மெயினில் கணக்கு மூன்றில் ஒரு பங்கு, 25 கேள்வி, அத்தனையும் பதினொன்று-பன்னிரண்டு பாடம். ஆசையும் தெம்பும் உள்ள பிள்ளை ஒன்பது முடித்த பின் தொடங்கினாலே தாராளமாகப் போதும்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை கல்லூரியில் திணறுமா?

கணக்கில் திணறாது, முதல் இரண்டு மாதம் சொற்களில் திணறும். பன்னிரண்டு முடிந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் போட்டு, அணி என்றால் மேட்ரிக்ஸ், அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட், எல்லை என்றால் லிமிட், வகையிடல் என்றால் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இதே பாடநூலின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எல்லாச் சொற்களும் கிடைக்கும், ஏனென்றால் இரண்டிலும் ஒரே கணக்கு, ஒரே வரிசை. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகள் 2010 முதல் தமிழ் வழியிலும் நடக்கின்றன. தாய்மொழியில் கணக்கைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒரு நல்ல பலம் இருக்கிறது. அதைக் குறையாக நினைக்க வைக்காதீர்கள்.

டியூஷன் கட்டாயமா?

இல்லை. வகுப்பில் நடத்தியதை அன்றே வீட்டில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மூன்று கணக்காவது போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு டியூஷன் தேவையில்லை. டியூஷனில் போர்டைப் பார்த்து எழுதி நோட்டை நிரப்பும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. சேர்ப்பதாக இருந்தால் நாற்பது பேர் பேட்சில் சேர்க்காதீர்கள். பிள்ளையின் தவறு எங்கே என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் காசு.

என் மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளிப் பாடம் போதவில்லை. எங்கே அழைத்துப் போகலாம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு அன்றைக்கு நாள் நன்றாக இருக்கும். சென்னையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். திருவல்லிக்கேணியில் இருக்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இல் தொடங்கியது. அது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல நிலைகளில் கணிதத் திறன் போட்டி நடத்துகிறது. மார்க்குக்காக இல்லாமல் யோசிப்பதற்காகவே அமைந்த கணக்குகள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது, 1993இல் பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் உருவாக்கியது. சிறியவர்களோடு ஒரு காலைப்பொழுது போய்வர நல்ல இடம்.

எட்டாம் வகுப்பிலிருந்தே கணித ஒலிம்பியாடின் முதல் சுற்றான ஐஓகியூஎம் எழுதலாம். எண் கோட்பாடு, சேர்ப்பியல், வடிவியல் நிரூபணம் என்று பள்ளியில் ஓரமாகவே தொடும் பகுதிகள் அதில் நடுவில் வந்து உட்காரும். தேறாவிட்டாலும் நஷ்டமில்லை. ஒரே கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பு பெரிய பயமாகத் தெரியாது.

பன்னிரண்டுக்குப் பிறகு, சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் என்ற சிஎம்ஐ இருக்கிறது. கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ், தனி நுழைவுத்தேர்வு, அதில் நிரூபித்து எழுதும் கேள்விகள் இருக்கும். தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் கணித உயராய்வு மையம் இரண்டும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. கணக்கில் ஆசைப்படும் பெண்ணை "நல்ல மார்க் இருக்கே, இன்ஜினீயரிங் போ" என்று திருப்பிவிடுவதற்கு முன்னால் இந்த வளாகங்களில் ஒன்றைக் காட்டிவிட்டு வாருங்கள். அவளே முடிவு செய்யட்டும்.

பழைய வகுப்புப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் விற்பனை மையம் கல்லூரிச் சாலையில் பழைய டிபிஐ வளாகத்திலும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் இருக்கிறது. எல்லா வகுப்புப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும். ஆனாலும் கணக்குக்கு அச்சுப் புத்தகமே நல்லது என்பது என் கருத்து. போனில் பார்க்கும் பிள்ளை விடையைத்தான் முதலில் உருட்டிப் பார்க்கும். பதினொன்றில் சேர்ந்த பிள்ளையின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை அவை மேஜையிலேயே இருக்கட்டும்.